ஐந்து எழுத்துக்கு ஐந்து குடம்

நாச்சிமுத்து காம்பவுண்டின் பொதுக்குழாய், பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமையிலிருந்து இங்கிலீஷ் கேட்க ஆரம்பித்தது. திருப்பூரின் அந்தப் பக்கத்தில் மூன்று நாளைக்கு ஒரு தரம் காலையில் தண்ணீர் விடுவார்கள்; அன்றைக்கும் விட்டார்கள்; பக்கத்துக் காம்பவுண்டில் குடம் நிறைகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது; இங்கே பதினொரு வீட்டுக் குடங்களும் வரிசை பிடித்து நிற்க, குழாயைத் திருகினால் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. கீழே சிமெண்டு மேடையில் பாசி படிந்த இடத்தில் ஐந்து கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன, யாரோ விரலால் வழித்து எடுத்தது மாதிரி. கட்டங்களுக்கு மேலே ஒரு டபிள்யூவும் ஒரு ஆரும் இருந்தன. அட்டைப் பெட்டிகளுக்கு விலாசம் எழுதுகிற வேலையில் இருந்த ஒன்பதாம் நம்பர் எபனேசர், பல் துலக்கிய வாயோடு அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "வாட்டர்" என்றார். தண்ணீர் விழுந்தது. ஐந்து எழுத்துக்கு ஐந்து குடம் விழுந்து நின்றது. கட்டங்கள் அப்படியே இருக்க, எழுத்துகள் மாறிவிட்டன.

இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்தக் குழாய் செய்யாத சேட்டை கிடையாது. புழு விட்டிருக்கிறது, சாயத்தண்ணீர் விட்டிருக்கிறது, ஒரு தீபாவளிக்கு வெறும் காற்றை விட்டு எல்லோருடைய எண்ணெய்த் தலையையும் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது. இப்போது இங்கிலீஷ் கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும், ஆறாவது குடம் யாருடையது என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

ஆறாம் நம்பர் ஒச்சம்மாளுக்கு மட்டும் கவலை வேறாக இருந்தது. அந்த எபனேசருக்கு எப்படி முதலிலேயே தெரிந்தது?

ஒச்சம்மாளைக் குறை சொல்லிப் பயனில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்து பதினாறு வருடமாக அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். மேஜையில் வந்து விழுகிற ஒவ்வொரு பீஸையும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும், பிறகு வெளிப்பக்கம். ஓட்டை, கறை, விட்ட தையல் என்று எதைக் கண்டாலும் சுருளிலிருந்து சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, குற்றத்தைக் காட்டுகிற மாதிரி ஒட்ட வேண்டும். நெஞ்சில் அச்சடித்த இங்கிலீஷ் சொல்லையும் சாம்பிளோடு ஒப்பிட வேண்டும். செக்கிங் மேஜையில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதால் எழுத்துகளுக்கு அவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள்: எஸ் என்றால் பாம்பு, ஈ என்றால் சீப்பு, ஏ ஏணி, எச் கட்டில், எம் மலை, ஐ குச்சி, எல் மூலைமட்டம், சி பிறை, ஒய் கவட்டை, ஆர் காலை நீட்டியவள், இசட் மின்னல். பாம்பு, மலை, குச்சி, மூலைமட்டம், சீப்பு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்கு ஆயிரம் நெஞ்சுகளைத் தள்ளிவிடுகிற கண் அது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது. யார் சிரித்தாலும் எங்கே தையல் விட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாள்.

குழாயின் சட்டதிட்டங்கள் ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டன. சொல்லில் சரியாக ஐந்து எழுத்து இருக்க வேண்டும், மேலே காட்டுகிற இரண்டு எழுத்தும் அதற்குள் எங்கேயாவது வர வேண்டும். ஒரு தரம் சொன்ன சொல்லை மறுபடி ஏற்காது. தப்பாகச் சொன்னால் அரை மணி நேரத்துக்கு மூச்சு விடாது. நாலாம் நம்பர் டெய்லர் கலியமூர்த்தி, எஸ்ஸும் எல்லும் வந்த நாளில் முந்திக்கொண்டு "ஸ்கூல்" என்று சொல்லி, அதில் ஆறு எழுத்து என்று தெரியாமல் மொத்தக் காம்பவுண்டின் காலைச் சமையலையும் கெடுத்தார். ஆரும் ஒய்யும் வந்த அன்றைக்கு, காலம்பூராவும் டிரைவராக இருந்த இரண்டாம் நம்பர் சின்னையா "லாரி" என்றார், தண்ணீர் கொட்டிற்று, அந்த வாரம் முழுக்க அவர் நடையே மாறிப்போயிருந்தது.

வீட்டுக்காரர் நாச்சிமுத்து வந்து பார்த்தார். "ஏனுங், கொழாய்ல தண்ணி வருதில்லீங்? அப்பறம் எனக்கெதுக்குங் போனு?" என்றார். தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் வந்து திருகிப் பார்த்து, கட்டங்களைப் பார்த்து, தனக்கும் ஒரு சொல் தோன்றி அதைச் சொல்லி முகம் கழுவிக்கொண்டு, குழாயில் பழுதில்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஏழாம் நம்பர்க்காரி எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாள். குழாய் அதையும் ஏற்கவில்லை.

பிறகுதான் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு டிக்ஷனரி வாங்கினார்கள். ஒருவர் வீட்டில் வைத்தால் மற்ற பத்து வீட்டுக்கும் தூக்கம் வராது என்று, அதைப் பதினொரு பங்காகக் கிழித்து, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்தார்கள். கனமான எஸ் பக்கங்கள் டெய்லர் கலியமூர்த்திக்கு விழுந்தன; அன்றிலிருந்து அவர் மனைவி செண்பகவல்லியிடம் எல்லோரும் கொஞ்சம் மரியாதையாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் பேசினார்கள். சி எழுத்து எபனேசருக்கு. ஒச்சம்மாளுக்கு ஜேயும் கேயும். சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுகிற மூன்றாம் நம்பர் வீரணன், காம்பவுண்டிலேயே உரத்த குரல்காரர். அவருக்கு விழுந்தது கடைசி எழுத்துகள், எக்ஸ், ஒய், இசட், மொத்தம் நாலு தாள். சீட்டில் சூது இருக்கிறது என்று அவர் அன்றைக்குச் சொன்னதை அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

பங்கு பிரித்ததிலிருந்து யாரும் சொல்லைச் சத்தமாகச் சொல்வதில்லை. குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் காதில் ஓதுவதுபோல ஓதினார்கள். எந்தச் சொல் செலவானது, எது பாக்கி இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. தெரியாததால் தப்புச் சொற்கள் பெருகின. தப்புச் சொற்கள் பெருகியதால் அரை மணி நேரங்கள் பெருகின. அந்த அரை மணி நேரங்களில் வரிசையில் நின்றவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேலை இருக்கவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் ஒச்சம்மாள், எபனேசர் வீட்டு வாசலில் அவர் மனைவி சுகந்தி வைத்திருந்த ரோஜாத் தொட்டியைப் பார்த்தாள். தொட்டி மண் ஈரமாக இருந்தது.

அடுத்த தண்ணீர் நாளிலும் ஈரம். அதற்கடுத்த நாளிலும் ஈரம். குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் பூவுக்கு எங்கிருந்து வந்தது? அவள் விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மூன்றாம் முறை வரிசையில் எல்லோரும் இருக்கும்போது வாயைத் திறந்தாள்.

"சார் வீட்டு ரோசாச்செடி மட்டும் நல்லாத் தளதளன்னு இருக்கு. எதுக்குச் சொல்றேன்னா, சி பக்கம் தடியான பக்கம். நமக்கெல்லாம் முடிஞ்சு போனதும் சிலருக்கு முடியமாட்டேங்குது."

"அது அரிசி களைஞ்ச தண்ணிக்கா" என்றாள் சுகந்தி. "ஏங்க்கா இப்படிச் சொல்லுதீங்க?"

"நான் செடியத்தாம்மா சொன்னேன். ஒன்னைய ஏதாச்சும் சொன்னேனா?"

அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை வீரணன் சொன்னார், செண்பகவல்லி சொன்னாள், சின்னையா தலையாட்டினார். எபனேசர் உள்ளே போய்த் தன் பங்குத் தாள்களை எடுத்து வந்தார். அந்த நேரம் பார்த்துக் குப்பை வண்டி தெருமுனையில் நின்றது. சி எழுத்து முழுவதையும் அதில் போட்டார்.

"இந்தக் காம்பவுண்டுல இனி ஒரு இங்கிலீஷ் வார்த்தை என் வாயிலேருந்து வராது. என் பிள்ளைங்க மேல ஆணை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சைக்கிளில் இரண்டு கேன் கட்டி, ஒன்றரை மைல் தள்ளி இருக்கிற சர்ச்சிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். குப்பை வண்டி போன திசையை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒச்சம்மாளுக்கு அப்போதும், போட்டது முழுப் பக்கங்களா அல்லது பாதியை உள்ளே வைத்துக்கொண்டாரா என்றுதான் ஓடிற்று.

வைகாசியில் அவள் மகள் பாண்டிமீனா பிரசவமாகிப் பெண் குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் மாமியார் குருவம்மாளும் திண்டுக்கல்லிலிருந்து வந்து, ஒரு நாள் இருந்து, குழாயடி நடப்பையெல்லாம் பார்த்துவிட்டு, பஸ் ஏறுமுன் ஒச்சம்மாளிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"சம்பந்தி, பதினாறாம் நாள் வருவேன். வீடு கழுவணும், தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊத்தணும். அன்னைக்கு இந்த வீட்ல தண்ணி இல்லைன்னா ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கிலீசு படிக்க முடியாது."

மூன்று மாதம் மகளும் பேத்தியும் தன்னோடு இருப்பார்கள் என்று ஒச்சம்மாள் கம்பெனியில் லீவு சொல்லியிருந்தாள். புருஷன் ஊரில் ஆடுகளோடு தங்கிவிட்டவன். பதினாறு வருடத்தில் அவள் யாருக்காகவும் லீவு போட்டது கிடையாது. அந்தக் குழந்தையின் உள்ளங்காலை முதல் தடவை பார்த்தபோதுகூடக் கண் தானாக ஏதாவது குறை இருக்கிறதா என்று தேடிற்று, ஒன்றும் இல்லை, அப்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைத் திண்டுக்கல்லுக்கு அனுப்ப அவளால் முடியாது.

அடுத்த தண்ணீர் நாளில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, ஒன்பது மணிவாக்கில், காலிக் குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். ஜேயும் கேயும் எப்போதோ தீர்ந்துபோயிருந்தன. கட்டங்களுக்கு மேலே பாம்பும் சீப்பும் இருந்தன. ஒன்றும் வராது என்று தெரிந்தும், கை பழக்கத்துக்கு, குழாய் வாயில் தூசி வடிகட்டக் கட்டுகிற துணி நைந்திருப்பதைப் பார்த்து, அதை அவிழ்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த வேஸ்ட் பனியன் துண்டை எடுத்துக் கட்டினாள். திருப்பூரில் எந்த வீட்டிலும் கம்பெனி வேஸ்ட் துணி ஒரு மூட்டை கிடக்கும். கைப்பிடித்துணி அதுதான், மிதியடி அதுதான், தலையணைக்குள் இருப்பதும் அதுதான். அவள் கட்டிய துண்டில் பாம்பு, மலை, குச்சி, மூலைமட்டம், சீப்பு என்று ஒரு சொல் அச்சடித்திருந்தது. முடிச்சு இறுகியதும் தண்ணீர் கொட்டிற்று.

ஐந்து குடம். ஒச்சம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே பிடித்தாள். எழுத்துகள் மாறின: ஏணியும் கவட்டையும். வீட்டுக்கு ஓடி மூட்டையை அவிழ்த்தாள். செக்கிங் கண்ணுக்கு அதில் தேடுவது ஒரு வேலையா? கட்டில், ஏணி, அடுத்து ஒரே மாதிரி இரண்டு, கடைசியில் கவட்டை என்று ஒரு மஞ்சள் துண்டு கையோடு வந்தது. இன்னும் ஐந்து குடம். குழாய்க்குக் காது மட்டுமல்ல, கண்ணும் உண்டு. ஒரு காம்பவுண்டே டிக்ஷனரியைக் கிழித்துப் பங்கு போட்டு, படித்தவர் வாயையும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, சொற்களெல்லாம் அவரவர் வீட்டு அடுப்படியில் கரி பிடித்துக் கிடந்தன.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. தோன்றியபோதெல்லாம் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள், ஒவ்வொரு முகத்திலும் அம்பு ஒட்ட ஓர் இடம் இருந்தது. சொன்னால் மறுநாளே கலியமூர்த்தி டெய்லர் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்குவார், வீரணன் தன் குரலாலேயே வரிசையை வாங்கிவிடுவார், குழந்தைக்கு ஒரு செம்பு மிஞ்சாது. அதனால் ஒவ்வொரு தண்ணீர் நாளிலும் ஒன்பது மணிக்குத் துணி கட்டினாள், அவிழ்த்தாள். செலவான சொற்களைத் துவைத்துக் குழந்தைக்கு இடுப்புத்துணியாக்கிக் கொடியில் காயப்போட்டாள். கொடி முழுக்க இங்கிலீஷ் காய்ந்தது. அதைக் கடந்துதான் எல்லோரும் தினமும் வேலைக்குப் போனார்கள்.

போனவர்கள் எழுத்தைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்தவர்கள் அவள் வாசலில் கூடினார்கள். முன்னால் வீரணன்.

"ஒச்சு, தப்பா நெனைக்காத. பச்சப்புள்ள இருக்க வீடு. ஆனா ஞாயம்னு ஒன்னு இருக்குல்ல? எங்க வீட்ல சட்டை தொவைச்சு ரெண்டு வாரமாச்சு. நானே ஒரே சட்டையத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறேன். ஒங் கொடியில மட்டும் இருபத்தஞ்சு துணி தொங்குது. சார் போட்டாரே சி பக்கம், அதக் குப்பை வண்டியிலருந்து யாராச்சும் எடுத்துருக்கலாம்ல?"

"தேடிக்கங்கண்ணே" என்றாள் ஒச்சம்மாள். "எங்கிட்ட இங்கிலீசு இருக்கப்போகுதாக்கும்."

கம்பெனி கேட்டில் பெண்களின் பையைச் சோதிப்பது மாதிரியே சோதித்தார்கள். செண்பகவல்லியும் ஏழாம் நம்பர்க்காரியும் அரிசிப் பானைக்குள் கைவிட்டார்கள், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள், குழந்தையைத் தூக்கச் சொல்லிப் பாயை உதறினார்கள். குழந்தை அழுதது. கடைசியாக மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். ஒச்சம்மாள் மூட்டையைப் பார்க்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"வேஸ்ட் துணி" என்றாள் செண்பகவல்லி. திரும்பக் கட்டி வைத்தாள்.

வீரணன் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த ஊதா டீசர்ட்டின் நெஞ்சில் இருந்த சொல்லை ஒச்சம்மாளின் கண் தன்போக்கில் வாசித்து வைத்துக்கொண்டது: பிறை, காலை நீட்டியவள், ஏணி, மின்னல், கவட்டை. ஐந்து.

அவர்கள் போன பிறகு ஒச்சம்மாள் வெளியே வந்தபோது, தன் வாசலில் நின்றிருந்த சுகந்தியின் கையில் அரிசி களைந்த தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது. அதைச் சுகந்தி ரோஜாத் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஒச்சம்மாளைப் பார்த்தாள். வெள்ளைத் தண்ணீர் மண்ணில் இறங்குவதை ஒச்சம்மாள் நின்று பார்த்தாள். அவள் எத்தனையோ பீஸில் அம்பு ஒட்டியிருக்கிறாள். ஒன்றிலாவது தப்பாக ஒட்டினோமோ என்று அதுவரை யோசித்ததில்லை.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு, யாரும் எங்கும் போகவில்லை. விடிந்ததிலிருந்து கட்டங்களுக்கு மேல் சியும் இசட்டும் நின்றன. அவரவர் தாள்களைப் புரட்டிப் புரட்டி ஓய்ந்தார்கள். சொல்லக்கூடிய சொல் இருந்திருந்தால் அது சி பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும், அந்தப் பக்கங்கள் குப்பைமேட்டில் எரிந்து ஒரு மாதமாகிவிட்டது. எபனேசரின் கதவு சாத்தியிருந்தது. சின்னையா என்னவோ சொல்லிப் பார்த்தார், அரை மணி நேரம் போயிற்று. வீரணன் தன் நாலு தாளையும் தலைகீழாகக்கூடப் பார்த்துவிட்டுச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் ஒச்சம்மாள் மூட்டை முழுவதையும் தரையில் பரப்பியிருந்தாள். மின்னல் இருந்த துண்டு ஒன்றே ஒன்று, அதில் பிறை இல்லை. பிறை இருந்த துண்டுகளில் மின்னல் இல்லை. தலையணையைக் கிழித்துப் பார்த்தாள். மிதியடியை உதறினாள். குடங்களில் ஒரு சொட்டு இல்லை, வீடு கழுவவில்லை, குழந்தை நேற்றைய துணியோடு கிடந்தது.

"அம்மா, அத்தை போன் பண்ணாங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டாங்களாம்" என்றாள் பாண்டிமீனா. அவள் ஏற்கெனவே குழந்தையின் சாமான்களைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் ஒச்சம்மாள் எழுந்தாள்.

மாடத்தில் கிடந்த அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். வீரணன் முன்னால் நின்று, ஒரு அம்பை உரித்து, அவர் நெஞ்சில், சொல்லுக்குக் கீழே, மேல்நோக்கி ஒட்டினாள்.

"என்னத்தா இது? என்ன ஒட்டுற?"

"சட்டையக் கழட்டுங்கண்ணே. தண்ணி இதுலதான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். ஒச்சம்மாள் திரும்பி எல்லோரையும் பார்த்தாள்.

"இத்தன நாளா நாந்தான் பிடிச்சேன். வேஸ்ட் துணியில இருக்க எழுத்தக் கொழா வாயில கட்டிப் பிடிச்சேன். நீங்க கொட்டிப் பாத்தீங்களே, அந்த மூட்டைதான். ஒருத்தர்ட்டயும் சொல்லல. சொன்னா எம் பேத்திக்கு மிஞ்சாதுன்னு சொல்லல. இன்னைக்குக் கேக்குற எழுத்து எங்கிட்ட இல்ல, அண்ணன் நெஞ்சுல இருக்கு. நான் செஞ்சது தப்புத்தான். சார் வீட்டு மேல சொன்னதும் தப்பு. என்னைய அப்புறமா என்ன வேணாலும் கேளுங்க."

வரிசையில் நின்றவர்கள் முதலில் கொடியைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் நின்றவர் நெஞ்சைப் பார்த்தார்கள். சின்னையா நெஞ்சில் ஐந்து எழுத்து இருந்தது. செண்பகவல்லி நைட்டிக்கு மேல் போட்டிருந்த சட்டையில் இருந்தது. வீரணன் சட்டையைத் தலைவழியாக உருவி, வியர்வை உலராத அதைக் குழாய் வாயில் கட்டினார். தண்ணீர் அதன் வழியாக இறங்கிற்று.

ஒன்பதாம் நம்பர் ஜன்னல் திறந்திருந்தது. "சார், இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கலியமூர்த்தி கேட்டார். எபனேசர் கிரேஸி என்று இருந்ததைக் கண்ணால் மட்டும் வாசித்தார். ஆணையை மீறவில்லை, தமிழை மட்டும் சொன்னார்.

"கிறுக்கு."

"ஆறு வருசமா மாட்டிக்கிட்டுத் திரியறேன்" என்றார் வீரணன், வெற்று மார்பில் கையைக் கட்டிக்கொண்டு. "ஒருத்தராச்சும் சொன்னீங்களாய்யா?" பிறகு ஒச்சம்மாளைப் பார்க்காமல் குடத்தைக் காலால் நகர்த்தினார். "மொத ரெண்டு குடம் புள்ளைக்கு. மத்தத அப்புறம் பேசிக்குவோம்."

குருவம்மாள் வந்து சேர்ந்தபோது வாசல் ஈரமாக இருந்தது. பேத்தியைக் காலில் போட்டு அவளே தலைக்கு ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு, பிறகு அடங்கி, கண்ணை மூடிக்கொண்டது. சாயங்காலம் குருவம்மாள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். பாண்டிமீனா பையைப் பிரித்துச் சாமான்களை மறுபடி அலமாரியில் வைத்தாள்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, தண்ணீர் விடுகிற காலை. ஒச்சம்மாள் குடத்தோடு குழாயடிக்கு வந்து வரிசையைப் பார்த்தாள். எல்லோரும் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வீரணன், கலியமூர்த்தி, சின்னையா, செண்பகவல்லி, ஏழாம் நம்பர்க்காரி, ஒருவர் பாக்கியில்லை. தையல் பிசிறும் சைஸ் எழுதிய லேபிளும் தெரிய, நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கொடிகளில் ஒரு துணிகூட இல்லை. வாசலில் கிடந்த மிதியடிகளையும் உள்ளே எடுத்துவிட்டிருந்தார்கள். உள்பக்கத்தை முதலில் பார்ப்பதுதான் செக்கிங் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒச்சம்மாளுக்கு அத்தனை நெஞ்சும் மறுபுறமிருந்து தெரிந்தது, ஒவ்வொன்றாக, இடம் வலம் மாறி.

யாரோ குழாயைத் திருகினார்கள். தண்ணீர் விழுந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் ஒன்றும் கட்டவில்லை. குனிந்து பார்த்தால் மேடையில் கட்டங்கள் இல்லை. பாசி வழக்கம்போல முழுசாகப் படிந்திருந்தது. குழாய்க்கு இங்கிலீஷ் போதும் என்று ஆகிவிட்டது போல. ஆனால் அதை யார் நம்புவது? "யாரு சொன்னது?" என்றார் வீரணன். "நானில்ல" என்றார் கலியமூர்த்தி. "வாயசைஞ்சுச்சே?" என்றாள் ஏழாம் நம்பர்க்காரி. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள், ஒருவர் மடியை ஒருவர் பார்த்தார்கள். முதல் குடம் நிறைந்து வழிந்தது. அதை எடுத்தால் தான்தான் சொன்னதாக ஆகிவிடுமே என்று யாரும் எடுக்கவில்லை. ஐந்து குடத்துக்கான தண்ணீர் போயிற்று, பத்துக் குடத்துக்கானது போயிற்று, மேடையைத் தாண்டி, சாக்கடையை நோக்கி நல்ல தண்ணீர் வெயிலில் ஓடிற்று.

ஒச்சம்மாளும் ஒரு நிமிடம் நின்றாள். அவள் கண்ணும் யார் வாய், யார் கை என்று வரிசை முழுக்கத் தேடித்தான் பார்த்தது. பிறகு குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். ஒரு குற்றமும் இல்லை. வழிகிற குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள், நிரப்பினாள், இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தன் வீட்டைத் தாண்டி ஒன்பதாம் நம்பர் வாசலுக்குப் போனாள். ரோஜாத் தொட்டியில் சாய்த்து ஊற்றினாள், மண் குடிக்கக் குடிக்க, நிதானமாக. சுகந்தி கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"களைஞ்ச தண்ணி ஊத்தி ஊத்திச் செடி நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள் ஒச்சம்மாள். சுகந்தி காலிக் குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

குழாயடியில் இதை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் ஒருத்தி ஒரு செடிக்கு ஊற்றுகிறாள் என்றால், அதுவும் ஒச்சம்மாள் ஊற்றுகிறாள் என்றால். "தொட்டிக்குள்ள என்னமோ இருக்கு" என்று செண்பகவல்லி மெல்லச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பார்த்தபோது தொட்டி மண்ணை அடிவரைக்கும் கிளறியிருந்தார்கள். ரோஜாச் செடி வேரோடு வெளியே கிடந்தது.